ஒரே வாங்கில் இருக்க வேண்டியவர்கள்: மலையகமும் அரச ஊழியர் பயிற்சியும்

கோவிந்தன் லெச்சுமி என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து, ஐம்பது வயதானதும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க வந்திருக்கும் பெண். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பதிவாளர் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். தமிழில் ‘கோ’ ஒன்றுதான். சிங்களத்தில் ‘கோழி’யின் கோவுக்கு ஓர் எழுத்து, ‘கோவிந்தா’வின் கோவுக்கு வேறு எழுத்து. பதிவாளர் கோழியின் எழுத்தைப் போட்டுவிட்டார். தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோல் ஆங்கிலத்தில். அங்கே பெயர் ‘ஜீ’யில் தொடங்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாக்காளர் இடாப்பில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்து, கருப்பையா லெச்சுமி ஆகிவிட்டார். சரி, இப்போது கந்தோரில் கேட்கிறார்கள்: இந்த மூன்று பேரும் ஒருவரா?

ஒருவர்தான் என்று நிரூபிக்க லெச்சுமி கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் எடுக்க வேண்டும், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், சில சமயம் பதிவாளர் கந்தோருக்கும் போக வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் போகும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். இலக்கை எட்டாவிட்டால் ‘அரைப் பேர்’. பெயரைத் திருத்தப் போய்ப் பேரை இழப்பது இங்கே வார்த்தை விளையாட்டல்ல, மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவர் வேறு மாவட்டத்தில் இருந்து மாற்றலாகி வந்த இளைஞர். அவருடைய ஊரில் பெயரின் தொடக்கத்தில் வருவது குடும்பப் பெயர், தலைமுறை தலைமுறையாக வருவது. தமிழர் முன்னால் எழுதுவது அப்பா பெயர். அடுத்த தலைமுறையில் அது இருக்காது. இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால் அரை மணி நேரப் பாடம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை எங்கே, யார் நடத்துவது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது; அதை நடத்த மலையகத்துச் சபைகளும் செயலகங்களும் பங்குபோட்டு ஒரு பொதுப் பயிற்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

இலங்கையில் அரச ஊழியருக்குப் பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் சிவில் சேவைக்கு எடுபட்ட இளம் அதிகாரியை ஒரு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபரின் கீழ் விட்டுவிடுவார்கள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். 1963-இல் அந்தச் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு இன்றைய நிருவாக சேவையின் முன்னோடி வந்தது. 1966-இல் நிருவாகக் கல்விக்கென ஒரு கழகம் தொடங்கியது. அதுதான் 1982-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்து இன்று இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகமாகக் கொழும்பு 7-இல் இருக்கிறது. உள்ளூராட்சிக்காரர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டத்தில் தனியாக ஒரு நிறுவகம். அதுவும் அதே தெருவில். கணக்கு வழக்குக்கு ‘மிலோத’ என்கிற நிதிக் கற்கைகள் கழகம், கோட்டையில். மொழிக்கு 2007-இல் உருவான தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம், களுத்துறை மாவட்டத்தின் அகலவத்தையில். மாகாணங்களிடமும் பயிற்சி அலகுகள் உண்டு.

ஆக, கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும். கொழும்பில் நடக்கும் பயிற்சி பதவியைப் பார்த்துத் தைத்த சட்டை. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்றால் அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணம், கணினி. பதவி உயர்வுக்குத் தாண்ட வேண்டிய வினைத்திறன் காண் தடைப் பரீட்சையில் வருவது எதுவோ அதுதான் பாடம். மாத்தறையில் இருப்பவருக்கும் மஸ்கெலியாவில் இருப்பவருக்கும் ஒரே பாடம். விதிக்கோவை நாடு முழுவதற்கும் ஒன்றுதானே, அதில் தவறில்லை. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர் யார் என்பதுதான் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

போய்வருவதும் லேசல்ல. அட்டனில் இருந்து கொழும்புக்கு ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் நாலைந்து மணி நேரம். இரண்டு நாள் பயிற்சி என்றால் நான்கு நாள் ஆள் இல்லை. பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை வைத்து ஓட்டும் ஒரு பிரதேச சபையின் செயலாளர் யாரை அனுப்புவார்? அன்றைக்கு வேலை குறைவாக உள்ளவரை. அல்லது கொழும்பில் சொந்தக்காரர் வீடு உள்ளவரை. சின்னக் குழந்தை உள்ள பெண் உத்தியோகத்தர் தானாகவே “இந்த முறை வேண்டாம் சேர்” என்று சொல்லிவிடுவார். நானே ஒருமுறை அப்படி ஒரு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். எங்கே என்று வேண்டாம். திரையில் ஓடியது சிங்களம், கையில் கொடுத்த தாள் ஆங்கிலம். தமிழ்ப் பிரதியைப் பிறகு அனுப்புவோம் என்றார்கள். பகல் சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை.

தோட்டம் என்ற ஓட்டை

மலையகத்தின் சிக்கலை வெறும் மொழிச் சிக்கல் என்று நினைக்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மற்றப் பாதி, தோட்டம் என்ற இடம் அரச நிருவாகத்தின் வரைபடத்தில் நீண்ட காலம் ஓர் ஓட்டையாகவே இருந்தது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தோட்டத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாக. கடைசி மிச்சத்துக்கு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஜை அல்லாதவருக்கு அரச உத்தியோகம் கிடையாது. அதனால் கந்தோர் மேசைக்கு உள்பக்கம் தோட்டத்துப் பிள்ளை வந்து உட்காரவே இரண்டு தலைமுறை தாமதம். அப்பாவோ மாமாவோ கச்சேரியில் வேலை செய்து, வீட்டில் பேசிப் பேசியே பிள்ளைக்குக் கோப்பு நடைமுறை புரிந்துவிடும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு, கண்டியில் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கிடையாது.

அந்தக் காலம் முழுக்கத் தோட்டத்துக்குள் அரசாங்கம் என்றால் தோட்ட முகாமையாளரான துரைதான். வீடு, தண்ணீர், பாதை, பிள்ளை மடுவம் என்கிற குழந்தைக் காப்பகம், மருந்து எல்லாம் தோட்டத்துக் கந்தோர் வழியாக. கடிதம்கூடத் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து, காலையில் வேலையாட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில் கைமாறும். 1921-இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையைப் பெரியவர்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள்: கடனை அடைத்தால் ஆளை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாமல் ஒருவர் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. ஒரு தாளுக்கு எவ்வளவு பலம் என்பதை இந்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரதேச சபைகள் 1988-இல் இயங்கத் தொடங்கியபோதும் இந்த ஓட்டை அடைபடவில்லை. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். ஆனால் சபையின் காசில் தங்கள் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு பாலம் போட முடியாது. முப்பது வருடம் இப்படி ஓடிய பிறகு, 2018-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது.

சட்டம் ஒரு நாளில் திருந்திவிட்டது. மேசையில் இருப்பவரின் கை அப்படித் திருந்துமா? முப்பது வருடமாக ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வருமானப் பரிசோதகரும் பிரதான எழுதுவினைஞரும் தமக்குப் பின் வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், “அது தோட்டம், நம்ம வேலை இல்லை” என்பது. அன்றைய சட்டப்படி அது சரியான பாடம். இப்போது அது பிழை என்று உட்கார வைத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சொன்னால் மட்டும் போதாது; தோட்ட நிருவாகத்தோடு எப்படிக் கடிதப் போக்குவரத்து நடத்துவது, காணி அரசின் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துடையதா, குத்தகைக் கம்பனியின் பொறுப்பில் உள்ளதா என்று எந்த ஆவணத்தில் பார்ப்பது, உறுதி இல்லாத வீட்டுக்கு மின்சாரமோ தண்ணீரோ கேட்டு வருபவரின் விண்ணப்பத்தில் என்ன இணைப்பது என்று கோப்போடு காட்ட வேண்டும். இது கொழும்பில் உள்ள விரிவுரையாளருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவர் குற்றமும் அல்ல.

அப்புறம் ஒன்று. 2018-இல் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட். நியாயமான பிரிப்பு. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். ஐயாயிரம் பேர்கூட இல்லாத நெடுந்தீவுக்கு அப்போதே தனிப் பிரதேச சபை உண்டு. ஆனால் ஒரு சபையை மூன்றாக வெட்டும்போது கட்டடம், வாகனம், மேசை, கதிரையை வெட்டிப் பங்கு வைக்கலாம். இருபது வருட அனுபவமுள்ள பிரதான எழுதுவினைஞரை மூன்றாக வெட்ட முடியாது. புதிய சபைகள் பிறந்தபோதே அனுபவம் குறைந்த ஆட்களோடுதான் பிறந்தன. 2023 மார்ச்சில் நாடு முழுக்கச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6-இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர்களே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாமே உத்தியோகத்தர் கையில். அவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ, சபையும் அவ்வளவுதான்.

மீரியபெத்த: ஒரு பாடம், நடத்தப்படாத வகுப்பு

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, கோப்பு இருந்தது, ஆட்களும் அங்கேயே இருந்தார்கள்.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் சில நாட்கள் நூற்றுக்கணக்கில் எண் சொன்னார்கள். பிறகு அது நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இறங்கியது நல்ல செய்திதான். ஆனால் ஒரு லயத்தில் அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய ஒரு பட்டியல் எந்த மேசையிலும் இல்லை என்பதும் அந்த எண்களின் ஏற்ற இறக்கத்தில் தெரிந்துவிட்டது. தோட்டத்து செக்ரோலில் வேலை செய்கிறவர் பெயர்தான் இருக்கும். கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் வாக்காளர் இடாப்பில் வீட்டில் இருக்கிறார். பண்டாரவளையில் இருந்து வந்து தங்கியிருக்கும் தங்கச்சி எந்தத் தாளிலும் இல்லை.

அரச நிருவாகம் படிக்கிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எச்சரிக்கைக் கடிதம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து புறப்பட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும்? அதைப் பெற்றவர் என்ன எழுத வேண்டும், எத்தனை நாளில்? காணி கம்பனியின் கையில் இருக்கும்போது பிரதேச செயலாளரால் எதைக் கட்டளையிட முடியும், எதை வேண்டிக் கேட்க மட்டும் முடியும்? மாற்றுக் காணியை அடையாளம் காண்பது யார், வீடு கட்டுவது யார், வீடு கட்டி முடியும்வரை மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் கதவைத் தட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வது யார்? இந்தக் கேள்விகளை வைத்து ஒரு முழு வாரம் நடத்தலாம். கிராம உத்தியோகத்தர், பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து நடத்தினால்தான் பலன். தனித்தனியாக நடத்தினால் ஒவ்வொருவரும் “நான் கடிதம் அனுப்பிவிட்டேன்” என்று எழுதி நல்ல புள்ளி வாங்கிக்கொண்டு போவார்.

ஆனால் இவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதற்கு இன்று வழியில்லை. பிரதேச செயலகம் மத்திய அரசின் கீழ், கிராம உத்தியோகத்தரும் அப்படியே. பிரதேச சபை ஊழியர் மாகாண அரச சேவை. தோட்டத்து உத்தியோகத்தர் தனியார் கம்பனியின் ஆள். ஒரே டவுனில், ஒரே தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடிப்பார்கள். பயிற்சிக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திசை. இதற்கு மேல் மாகாண எல்லை வேறு. நுவரெலியாவும் கண்டியும் மாத்தளையும் மத்திய மாகாணம், பதுளை ஊவா, இரத்தினபுரியும் கேகாலையும் சப்ரகமுவ. தேயிலைக்குத் தெரியாத இந்தக் கோடு, பயிற்சி அலகுக்குத் தெரியும். அப்புத்தளையில் உள்ள ஒரு சபைக்கும் அக்கரப்பத்தனையில் உள்ள ஒரு சபைக்கும் ஒரே வேலை, ஒரே தலைவலி. இருவரும் ஒரே வகுப்பில் இருக்க எந்த மாகாணத்தின் சுற்றறிக்கையும் இடம் கொடுக்காது.

பங்குபோட்டு நடத்துவது எப்படி

சிறிய உள்ளூராட்சி மன்றங்கள் சேர்ந்து ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்துவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் நகரங்களும் மாவட்டங்களும் ஒரு பொதுச் சங்கம் அமைத்து நிருவாகக் கற்கை நிலையங்களை நடத்துகின்றன. படிக்கிறவர் சில வாரம் வகுப்பில், சில மாதம் தன் கந்தோரில் என்று மாறி மாறி இருப்பார். பாடம் நடத்துபவர்களில் பலர் முழுநேர ஆசிரியர் அல்லர். வேலையில் இருக்கும் அதிகாரிகளே வந்து நடத்துவார்கள். பிரான்ஸில் இன்னும் நேரடியான வழி: ஒவ்வோர் உள்ளூராட்சி அமைப்பும் தன் ஊழியர் சம்பளத் தொகையில் 0.9 சதவீதத்தைத் தேசியப் பயிற்சி நிலையத்துக்குச் செலுத்தியே ஆக வேண்டும். 2015-இல் அது 1 சதவீதமாக இருந்தது. பெரிய நகரம் நிறையக் கட்டும், குக்கிராமம் கொஞ்சம் கட்டும், வகுப்பு இரண்டுக்கும் ஒன்று. பயிற்சிக்குக் காசில்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. காசு ஏற்கெனவே கட்டியாயிற்று, ஆளை அனுப்பாவிட்டால் நட்டம் அவர்களுக்குத்தான்.

நமக்குக் கிட்டிய உதாரணம் கேரளம். திருச்சூருக்குப் பக்கத்தில் முளங்குன்னத்துக்காவில் 1990-இல் ‘கிலா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேரள உள்ளூராட்சி நிறுவனம் தொடங்கியது. முதல் சில வருடம் பெரிய பேச்சில்லை. 1996-இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் போனபோதுதான் பயிற்சி உயிர்பெற்றது. கையில் காசு வந்த பஞ்சாயத்துக்கு அதை எப்படிச் செலவழிப்பது என்று தெரிந்தாக வேண்டும், தெரிந்தவன் தேவைப்பட்டான், கூடம் நிறைந்தது. அதிகாரமும் நிதியும் இறங்காத இடத்தில் எவ்வளவு நல்ல பயிற்சியும் சான்றிதழாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். இதைக் கேரளத்தின் புகழ் பாடுகிறவர்கள் பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

வெளியே போகாமலே ஓர் உதாரணம் உண்டு. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியர் இல்லை என்ற ஒரே குறையை வைத்து ஜெர்மன் உதவியோடு எழுந்தது.  இந்தக் கல்லூரி மலைக்கு வந்ததும் என்ன மாறியது என்று கேட்டால், இன்று ஏதாவது ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, எங்கே படித்தீர்கள் டீச்சர் என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியருக்குச் செய்ய முடிந்ததை எழுதுவினைஞருக்குச் செய்ய முடியாதா என்பது நியாயமான கேள்வி.

மொழி விடயத்திலும் பொதுக் கூடம் ஒன்று செய்யும் வேலையைத் தனித்தனி வகுப்பு செய்யாது. 1988-இன் 16-ஆம் திருத்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் எட்டில் ஒன்றைத் தாண்டினால் அதை இருமொழி நிருவாகப் பிரிவாக அறிவிக்க ஜனாதிபதிக்கு இடம் தருகிறது. நுவரெலியாவிலும் பதுளையிலும் 1999-இல் அப்படி அறிவித்தார்கள். எட்டில் ஒன்றே போதும் என்ற சட்டம், பாதிக்கு மேல் தமிழர் வாழும் நுவரெலியா மாவட்டத்துக்கு வர பதினொரு வருடம் எடுத்தது என்பதை ஒரு பக்கம் வைப்போம். 2007-க்குப் பிறகு சேவைக்கு வந்த உத்தியோகத்தர் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. வகுப்பு நடக்கிறது, பரீட்சை நடக்கிறது, பாஸும் பண்ணுகிறார்கள்.

ஆனால் அந்த வகுப்பில் படிப்பது இலக்கணமும் கட்டுரையும். மஸ்கெலியாவில் மேசைக்கு முன் நிற்கும் அம்மா, “ஐயா, எம் மவ பேருல எழுத்து மாறிப்போச்சு, புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும்” என்று சொன்னால், நூற்றுக்கு எண்பது வாங்கிய சிங்கள இளைஞருக்கு ஒன்றும் புரியாது. அந்தப் பக்கம், சிங்களத்தில் தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் தமிழ் உத்தியோகத்தர் தன் பிரதேச செயலாளருக்குச் சிங்களத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னால் பேனாவை மேசையில் வைத்துவிடுவார். அவர்கள் இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்து, ஒரே கோப்பைக் கொடுத்து, நீ இவருக்குத் தமிழில் சொல், நீ அவருக்குச் சிங்களத்தில் எழுது என்றால் மூன்று மாதத்தில் பாதி வேலை முடியும். தமிழ் வகுப்பில் எல்லோரும் சிங்களவர், சிங்கள வகுப்பில் எல்லோரும் தமிழர் என்ற இன்றைய ஏற்பாட்டில் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்று வருடாவருடம் புலம்புவதைவிட இது மலிவான வழி.

சரி, இப்படி ஒரு கூடம் அமைந்தால் எங்கே? உடனே ஒரு காணி தேடி, அடிக்கல் நட்டு, கல்லில் அமைச்சர் பெயரைப் பொறித்து, அடுத்த தேர்தல்வரை புல் முளைக்க விடுவதுதான் நம் வழக்கம். நோர்வூட்டில் இருந்து பதுளைவரை இப்படி அடிக்கல்லோடு நின்றுபோன காணிகளைப் பார்த்தவர்களுக்குக் கட்டடத்தில் இருந்து தொடங்குவதில் ஆசை இருக்காது. அட்டனிலும் பண்டாரவளையிலும் ரயில் நிற்கிறது; இரண்டு ஊரிலும் சனிக்கிழமை சும்மா கிடக்கும் மண்டபங்கள் உண்டு. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சபைகளும் செயலகங்களும் ஆளுக்கொரு பங்கு போட்டால் இரண்டு முழுநேர ஊழியரையும் ஓர் அச்சுப்பொறியையும் வைத்துத் தொடங்கிவிடலாம். பாடம் நடத்த ஓய்வுபெற்ற நிருவாக உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கந்தப்பளையிலும் வெலிமடையிலும் வீட்டில் சும்மா இருந்து பேரப்பிள்ளைகளுக்குத் தாபன விதிக்கோவை சொல்லிக் கொடுக்கிறவர்கள்.

காசைவிடப் பெரிய தடை வேறொன்று. சிங்கள ஊர்களில் இருந்து இங்கே நியமனம் பெறுகிற பலர் முதல் நாளே மாற்றல் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு வருகிறார்கள். குளிர், வீட்டு வாடகை, ஊர்த் தூரம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் போகப்போகிறவர் தோட்டத்தைப் பற்றிப் படிக்க ஏன் சனிக்கிழமையைக் கொடுக்க வேண்டும்? தமிழ் உத்தியோகத்தருக்கும் இதே கேள்வி உண்டு. அவர் இங்கேயே இருக்கப்போகிறார் என்றாலும், பதவி உயர்வு கொழும்புப் பரீட்சையில்தானே இருக்கிறது.

எனவே இந்தக் கூடத்தின் சான்றிதழ் வினைத்திறன் காண் தடைப் பரீட்சையில் ஒரு பாடமாகக் கணக்கில் வர வேண்டும். அதற்கு மத்தியில் பொது நிருவாக அமைச்சின் சுற்றறிக்கை ஒன்றும், மத்திய, ஊவா மாகாண அரச சேவை ஆணைக்குழுக்களின் ஒப்புதலும் தேவை. மூன்று தாள்கள்தான். அந்த மூன்றும் வருமுன் தொடங்கினால் முதல் சனிக்கிழமை மண்டபம் நிறையும், இரண்டாவது சனிக்கிழமை பாதி நிறையும், மூன்றாவது சனிக்கிழமை விரிவுரையாளரும் திறப்பு வைத்திருக்கும் காவலாளியும் மட்டும் இருப்பார்கள்.